வெறும் கார்ட்டூன்தானே?

அனிமேஷன் தொடர் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ரசிகர்களே,

வணக்கம். சொல்ல வந்ததை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு இரட்டை நாக்கு. ஒரு தொடர் உங்களை அழவைத்துவிட்டால், "இதைப் போய் கார்ட்டூன்னு சொல்லாதே, இது வேற" என்கிறீர்கள். இன்னொரு தொடர் தன்னைக் காயப்படுத்தியது என்று வேறு யாராவது சொன்னால், "வெறும் கார்ட்டூன்தானே, இதுக்குப் போயா?" என்கிறீர்கள். "உங்களுக்கு" என்று எழுதிவிட்டேன். "நமக்கு" என்று எழுதியிருக்க வேண்டும். அந்த நாக்கு என் வாயிலும் இருந்தது.

2017-ல் நான் ஓஹையோவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போனவள் என்பதால் அந்த வீட்டில் நான்தான் மூத்தவள், எல்லோருக்கும் அக்கா. மாடியில் மூன்று பெண்கள், கீழே இரண்டு பையன்கள், எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். வாரம் முழுக்க யார் முகத்தையும் யாரும் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் குக்கரில் சாம்பார் சாதம் ஏற்றி, அப்பளம் பொரித்து, மடிக்கணினியைப் பழைய டிவியில் மாட்டிக்கொண்டு உட்காருவோம். மற்ற நால்வரும் சுட்டி டிவியில் ஜாக்கி சானும் டோராவும் தமிழ் பேச, கேட்டு வளர்ந்தவர்கள். கார்ட்டூன் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

அந்த வருஷம் செப்டம்பரில் போஜாக் ஹார்ஸ்மேன் நான்காம் சீசன் வந்தது. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: குதிரைத் தலையும் மனித உடம்புமாக ஒரு நடிகன். தொண்ணூறுகளில் ஒரு டிவி தொடரால் பெரும் புகழ் பெற்று, அதற்குப் பிறகு குடியும் தனிமையுமாகக் கிடப்பவன். 2014 முதல் 2020 வரை 77 அத்தியாயங்கள் வந்தன. அந்த நான்காம் சீசனின் ஆறாவது அத்தியாயத்தில்தான் முதல் தடவையாக அவன் மண்டைக்குள் ஓடும் குரலை நமக்குக் கேட்க விடுகிறார்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து அந்தக் குரல் அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறது. பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவன் மதுக்கடையில் போய் உட்காருவதற்கும் அதே குரல்தான் காரணம் சொல்கிறது, உட்கார்ந்ததற்காகத் திட்டுவதும் அதேதான். அந்த இடங்களில் படமே மாறிவிடும். வழவழப்பான ஓவியம் போய், பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியது போன்ற கோடுகள் வரும்.

அத்தியாயம் முடியும் இடத்தில், அவனுடைய மகளாக இருக்கலாம் என்று நம்பி வந்து தங்கியிருக்கும் ஹாலிஹாக் என்ற 17 வயதுப் பெண் அவனிடம் கேட்கிறாள்: நீ ஒன்றுக்கும் உதவாதவள் என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறதே, அது இந்த வயசுக் கோளாறுதானே, போகப்போகச் சரியாகிவிடும்தானே? அவன் ஒரு நொடி தயங்கிவிட்டு, ஆமாம் என்கிறான். பொய். அந்தப் பெண்ணைத் தவிர எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும்.

எங்கள் வீட்டில் கீழே இருந்தவர்களில் ஒருவன் திருநெல்வேலிப் பையன். தம்பி என்றே எழுதுகிறேன். அத்தியாயம் முடிந்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் எல்லோருடைய தட்டையும் கழுவினான். அவன் தட்டு கழுவுவது அபூர்வம் என்பதால் நாங்கள் கிண்டல் செய்தோம். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கினேன், அப்போதும் அடுப்படியில்தான் உட்கார்ந்திருந்தான். "அக்கா, எனக்கு மட்டும்தான் இப்படிக் கேக்குதுன்னு நெனச்சேன்" என்றான். என்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்திலிருந்தே கேட்கிறதாம். வீட்டில் சொன்னால் முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், அப்புறம் கல்யாணம் பேசுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரமே பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரிடம் நேரம் கேட்டுப் பதிந்தான். நான் கூடப் போய் வெளியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குதிரை பொம்மை செய்த காரியம் இது. அதனால் கார்ட்டூனுக்கு அந்தச் சக்தி கிடையாது என்று யாரும் என்னிடம் வாதாட வர வேண்டாம்.

இப்போது நவம்பருக்கு வருகிறேன்.

ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர், தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை, நியூயார்க்கில் வளர்ந்தவர். சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் அப்புவைப் பற்றி அவர் உருவாக்கிய ஆவணப்படம் அந்த மாதம் வெளியானது. அப்புவைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். கதை நடக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் குவிக்-இ-மார்ட் என்ற கடை வைத்திருக்கும் இந்தியர், வருகிறவர்களையெல்லாம் "நன்றி, மீண்டும் வருக" என்று தலையாட்டி அனுப்புகிறவர். 1990-ல் முதலில் தோன்றினார். குரல் ஹாங்க் அசாரியா, வெள்ளைக்காரர். முழுப் பெயர் அப்பு நஹாசபீமபெட்டிலான். எந்த ஊரில் எந்தத் தாய் பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பாள்? வாய்க்கு வந்த எழுத்துகளைக் கோர்த்தது போல, இந்தியப் பெயர் என்றால் நீளமாகத்தான் இருக்கும், சிரியுங்கள் என்று சொல்கிற பெயர் அது. அப்பு என்ற முதல் பெயரையோ சத்யஜித் ராய் படங்களிலிருந்து எடுத்தார்கள். இந்திய சினிமா பெற்ற பிள்ளைகளிலேயே மனசுக்கு நெருக்கமான ஒரு பிள்ளையின் பெயர்!

எனக்கு அந்தப் படம் ஏன் தைத்தது என்று சொல்ல வேண்டும். வளாகத்துக்குள்ளேயே ஒரு காபிக் கடையில் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்துகொண்டிருந்தேன். வியாழக்கிழமை மதியம் நாலு பையன்கள் வருவார்கள். காபியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதில் ஒருவன், அந்தக் குரலில், அந்தத் தலையாட்டலோடு, "நன்றி, மீண்டும் வருக" என்பான். நான் சொல்ல வேண்டிய வசனத்தை எனக்கு முன்னால் அவனே சொல்லிவிடுகிறானாம், அதுதான் நகைச்சுவை. மற்ற மூவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் நகைச்சுவை புரியாதவள் ஆகிவிடுவேன். அதோடு, எனக்கும் சிம்ப்சன்ஸ் பிடிக்கும், என்ன செய்ய? அந்தத் தொடரின் பழைய சீசன்களை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஆவணப்படம் பார்த்த அன்று இதை வீட்டில் முதல் தடவையாகச் சொன்னேன். யாரும் என்னை மட்டம் தட்டவில்லை, கேலி செய்யவில்லை. தம்பிதான் சொன்னான், ரொம்ப அன்பாகத்தான் சொன்னான்: "வெறும் கார்ட்டூன்தானேக்கா, விடுங்க."

இரண்டு மாதம் முன்னால் அதே சோபாவில் உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவன் அவன்.

இந்த மடலை நான் அவனுக்கே எழுதியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு இதே வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. நமக்குப் பிடித்த ஒன்றின் மேல் ஒருவர் குறை சொல்லும்போது, அது நம்மேல் சொல்லும் குறை போலவே நமக்குப் படுகிறது. அந்தப் பதற்றத்தில் கைக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம் அந்த வாக்கியம். அதைச் சொல்லும்போது நாம் எதை அவ்வளவு நேசிக்கிறோமோ அதையே "வெறும்" என்று ஆக்கிவிடுகிறோம் என்பதுகூட உறைப்பதில்லை.

அப்புவுக்காக வாதாடுகிறவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்பு கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஸ்பிரிங்ஃபீல்டிலேயே உழைப்பாளி, பொறுமைசாலி. 1996-ல் வந்த ஒரு அத்தியாயம் குடியேறிகளை விரட்டத் துடிக்கும் அரசியலைக் கிழித்துத் தொங்கவிட்டது. அதில் குடியுரிமைத் தேர்வில் உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று அப்புவிடம் கேட்பார்கள். அவர் பொருளாதாரம், சமூகம் என்று விரிவாகத் தொடங்குவார். தேர்வாளர் குறுக்கே விழுந்து, சும்மா அடிமை முறை என்று சொல்லிவிட்டுப் போ என்பார். கேள்வி கேட்கிறவரைவிடப் பதில் சொல்கிறவருக்கு அமெரிக்க வரலாறு கூடுதலாகத் தெரியும் என்ற அந்த நையாண்டி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் காபிக் கடைக்கு வந்த நாலு பேரும் உள்நாட்டுப் போர் வசனத்தைச் சொல்லி என்னைச் சிரிக்கவைக்கவில்லையே. தொடரிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தது குரல் மட்டும்தான். 2007-ல் சிம்ப்சன்ஸ் திரைப்படம் வந்தபோது அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 12 செவன்-லெவன் கடைகளை நிஜ குவிக்-இ-மார்ட்டுகளாகவே மாற்றி அலங்கரித்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் நிஜ மனிதர்கள் நின்றார்கள், அதையும் நினைத்துப் பாருங்கள்.

கொண்டபோலு என்ன கேட்டார்? அப்புவைக் கொன்றுவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஒன்றை நேசித்துக்கொண்டே அதில் ஒரு குறையைச் சொல்ல முடியும் என்றார், தானே சிம்ப்சன்ஸ் பார்த்து வளர்ந்தவன் என்றார். பின்னாளில் அசாரியா விலகியபோதும், பாத்திரத்தை வைத்துக்கொண்டு அந்தத் திறமையான எழுத்தாளர்கள் புதிதாக ஏதாவது செய்யட்டும் என்றுதான் எழுதினார். ரசிகர்கள் அவரை ஏதோ கோயிலை இடிக்க வந்தவர் போல நடத்தினார்கள்.

2018 ஏப்ரலில் தொடரே பதில் சொன்னது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. லிசா சிம்ப்சன் காமிராவைப் பார்த்துத் திரும்பி, பல வருஷங்களுக்கு முன்னால் எல்லோரும் கைதட்டிய, யாரையும் புண்படுத்தாத ஒன்று இப்போது தப்பாகிவிட்டது, என்ன செய்ய முடியும் என்கிறாள். பக்கத்தில் அப்புவின் படம். அவள் அப்பா ஹோமர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன், அண்ணன் பார்ட் சொல்லியிருந்தால் கண்டுகொள்ளவே மாட்டேன். ஊரே ஒரு பக்கம் நின்றாலும் தனியாக நின்று நியாயம் பேசும் எட்டு வயதுப் பிள்ளை லிசா. அவள் வாயிலா அந்த வசனம்? "யாரையும் புண்படுத்தாத" என்று எப்படித் தெரியும்? யாரைக் கேட்டார்கள்? அந்த மாதமே தொடரை உருவாக்கிய மாட் குரோனிங், மக்கள் புண்பட்டதாகப் பாவனை செய்ய விரும்பும் காலம் இது என்ற பொருளில் ஒரு பேட்டி கொடுத்தார்.

இதில் மனம் மாறியவர் ஒருவர் உண்டு, அது குரல் கொடுத்தவரேதான். 2020 ஜனவரியில் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகுவதாகச் சொன்னார். 2021-ல் ஒரு பாட்காஸ்டில், இந்த நாட்டில் உள்ள இந்தியர் ஒவ்வொருவரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கிறது என்றார். தன் மகனின் பள்ளியில் இந்தியப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்ததாகவும், சிம்ப்சன்ஸ் தொடரை ஒரு நாள்கூடப் பார்க்காத 17 வயதுப் பையனுக்கு அப்பு என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்ததாகவும் சொன்னார். தொடரைப் பார்க்காதவனுக்கு அது வசைச்சொல்லாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. முப்பது வருஷம் சம்பாதித்துவிட்டு இப்போது என்ன மன்னிப்பு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் போனார், அது எனக்குப் போதும்.

அதே 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்டு என்ற கறுப்பரை அமெரிக்கப் போலீஸ் கொன்ற பிறகு, வேறு நிறத்துப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளை நடிகர்கள் அடுத்தடுத்து விலகினார்கள். போஜாக் தொடரில் வியட்நாமிய அமெரிக்கப் பெண்ணான டயானுக்குக் குரல் கொடுத்த அலிசன் ப்ரீயும் வருத்தம் தெரிவித்தார். தொடரை உருவாக்கிய ரஃபேல் பாப்-வாக்ஸ்பர்க்கே அந்தத் தேர்வு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னவர். படைத்தவர்கள் தவறு என்கிறார்கள், நம் ஆட்கள் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள்! ராஜாவைவிட ராஜ விசுவாசம்.

நிறம் பற்றிப் பேசினால்தான் ரசிகர்களுக்குப் பிடிக்காது என்றும் சொல்லிவிட முடியாது. அவதார் கார்ட்டூன் தொடரைத் திரைப்படமாக எடுத்தபோது கதையின் நாயகப் பிள்ளைகளான ஆங், கட்டாரா, சொக்கா மூவருக்கும் வெள்ளைப் பிள்ளைகளைப் போட்டார்கள். தொடரில் அவர்கள் ஆசிய, இனுயிட் (வடதுருவப் பழங்குடி) சாயலில் வரையப்பட்டவர்கள். எதிரிப் படைக்கு மட்டும் தேவ் பட்டேல் போன்ற இந்திய வம்சாவளி நடிகர்கள் கிடைத்தார்கள். இயக்குநரோ நம் மாஹேயில் பிறந்த ஷியாமளன். (தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை.) ரசிகர்கள்தான் அப்போது ஒன்று திரண்டார்கள், கடிதம் எழுதினார்கள், 2010-ல் படம் வந்ததும் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஆக, உங்களால் முடியும். உங்கள் பிரியத்துக்குரிய தொடருக்கு வெளியாள் யாராவது தீங்கு செய்தால் கண் நன்றாகத் தெரிகிறது. தொடரே தீங்கு செய்யும்போதுதான் மங்கிவிடுகிறது.

அந்த அவதாரின் தொடர்ச்சிதான் கோரா என்ற தொடர். நாயகி கோரா மாநிறப் பெண், முரட்டுப் பெண். மூன்றாம் பாகத்தின் முடிவில் எதிரிகள் அவள் உடம்பில் பாதரசத்தை ஏற்றிவிடுகிறார்கள். உயிர் பிழைக்கிறாள், ஆனால் சக்கர நாற்காலி. 2014-ல் வந்த நான்காம் பாகத்தில் மூன்று வருஷமாகத் தேறிக்கொண்டிருக்கிறாள். உடம்பு ஓரளவு தேறிவிட்டது. மனசு தேறவில்லை. தெருவில் நடக்கும்போது தன்னுடைய உருவமே சங்கிலியோடு எதிரே வந்து நிற்பதைப் பார்க்கிறாள். குழந்தைகளுக்கான தொடரில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலையை இவ்வளவு பொறுமையாகக் காட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நம்மவர்களில் எத்தனை பேர் சொன்னது என்ன தெரியுமா? "ஒரே அழுகாச்சி", "எப்பப்பா பழையபடி சண்டை போடுவா?" ஒரு அத்தியாயத்தில் அழுது அடுத்த அத்தியாயத்தில் எழுந்தால் கைதட்டுகிறோம். மூன்று வருஷம் எடுத்துக்கொண்டால் எரிச்சல் வருகிறது.

எவாஞ்சலியன் என்ற ஜப்பானியத் தொடரின் நாயகன் ஷின்ஜியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 14 வயதுப் பையன். தாய் இல்லை. தகப்பன் பல வருஷம் கழித்துக் கூப்பிடுவது பாசத்துக்காக அல்ல, ராட்சச இயந்திரத்தில் ஏறிச் சண்டை போடுவதற்கு. அவன் மாட்டேன் என்கிறான். உலகம் முழுக்க ரசிகர்களுக்கு அது முப்பது வருஷத்து ஜோக். நம் ஊரில் அவனுக்கு வைக்கும் பெயர்கள் எனக்கும் தெரியும்: பயந்தாங்கொள்ளி, லூசு, கீழ்ப்பாக்கம் கேஸ். அந்தத் தொடரை எடுத்த ஹிடேயாகி அன்னோ, பல வருஷம் மனச்சோர்வில் கிடந்து மீண்ட பிறகு எடுத்தது அது. 1996 மார்ச்சில் முடிந்த தொலைக்காட்சித் தொடரின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் பெரும்பாலும் அந்தப் பையனின் மனசுக்குள்ளேயே நடந்தன. சண்டைக் காட்சி எங்கே என்று ரசிகர்கள் கொதித்தார்கள், மிரட்டல்களே வந்தன. அடுத்த வருஷம் எடுத்த திரைப்படத்தில் அன்னோ அந்த மிரட்டல்களைத் திரையிலேயே கண நேரம் காட்டிவிட்டார். வந்த வசையைப் படத்திலேயே கோர்த்து அனுப்பியவரிடமிருந்து இதைவிடத் தெளிவான பதில் ரசிகர்களுக்குக் கிடைக்காது.

ரிக் அண்ட் மார்ட்டி என்ற தொடரின் கதை இன்னும் விசித்திரம். 2017 ஆகஸ்டில் ஒரு அத்தியாயம். குடும்பத்தோடு மனநல ஆலோசகரிடம் போக வேண்டும் என்றதும், தப்பிப்பதற்காக மேதாவி ரிக் தன்னை ஊறுகாயாகவே மாற்றிக்கொள்கிறார். (அவர்கள் ஊர் ஊறுகாய், வெள்ளரிக்காய். நம் நாரத்தங்காயாக இருந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.) எலிகளோடும் அடியாட்களோடும் சண்டை போட்டுக் கடைசியில் ஆலோசகரின் அறைக்கே வந்து சேர்கிறார். அங்கே டாக்டர் வாங் அமைதியாகச் சொல்கிறார்: மனசைப் பராமரிப்பது பல் துலக்குவது மாதிரியான வேலை, அதில் சாகசமும் கிடையாது, கைதட்டும் கிடையாது, அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு அது சலிப்பாக இருக்கிறது. மொத்த அத்தியாயமும் அந்தப் பேச்சுக்காகத்தான். ரசிகர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? ஊறுகாயை. சட்டையில் ஊறுகாய், கோப்பையில் ஊறுகாய். அதே சீசனில்தான் எழுத்தாளர் குழுவில் இருந்த பெண்களைச் சில ரசிகர்கள் விரட்டி விரட்டித் திட்டினார்கள், அந்தரங்க விவரங்களை வெளியே போட்டார்கள். பெண்கள் வந்து தொடரைக் கெடுத்துவிட்டார்களாம். தொடரின் படைப்பாளிகளில் ஒருவரான டான் ஹார்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். அவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய ஊறுகாய் அத்தியாயத்தை எழுதியவர் ஜெசிகா காவ். அடுத்த வருஷம் அதற்கு எம்மி விருதும் கிடைத்தது.

இன்னொரு வகை ரசிகர் உண்டு. இவர் கேலி செய்ய மாட்டார், ஒட்டிக்கொள்வார். "நான் போஜாக் மாதிரி மச்சான், நான் இப்படித்தான்." தோழியைக் கண்டபடி பேசிவிட்டு, குடித்துவிட்டு, மறுநாள் மன்னிப்புக்குப் பதிலாக ஒரு போஜாக் படத்தை அனுப்பிவைப்பார். இந்த ஆட்களுக்கு அந்தத் தொடருக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஐந்தாம் சீசனில் போஜாக் நடிக்கும் ஒரு தொடரைப் பார்த்துவிட்டு, நாம் எல்லோருமே மோசமானவர்கள், ஆகவே பரவாயில்லை என்பதுதான் அதன் சாரம் என்று அவன் பேசுகிறான். டயான் கொதித்துவிடுகிறாள். யாரும் தன் அயோக்கியத்தனத்துக்கு இதைச் சாக்காகக் காட்டுவதற்காக நான் எழுதவில்லை என்கிறாள். அந்த வசனம் திரைக்குள் இருக்கும் குதிரைக்குச் சொன்னது போல எனக்குப் படவில்லை. மனச்சோர்வுக்குப் பெயர் கிடைத்தது தம்பிக்கு உதவியது, அவன் அதை எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் போனான். அதே பெயரைக் கேடயமாக்கிக்கொண்ட இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

இதுவரை படித்து, "ஆமாம் அக்கா, நாங்கள் அப்படி இல்லை, இனவெறி எங்கே தெரிந்தாலும் தட்டிக் கேட்போம்" என்று தலையாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்டீவன் யூனிவர்ஸ் அன்பையும் மன்னிப்பையும் பற்றிய தொடர். 2015-ல் அதன் ரசிகர் வட்டத்தில், ஒருவர் பாத்திரங்களை வரைந்த விதம் சரியில்லை, உடலை மெலிய வைத்துவிட்டார், நிறத்தை, இனத்தை மதிக்கவில்லை என்று குற்றச்சாட்டு வந்தது. குறைகளில் சில நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் கூட்டமாகச் சேர்ந்து ஓட ஓட விரட்டினார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்கு அவர் தள்ளப்பட்டார். தொடரில் வேலை பார்த்தவர்களே தலையிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. அங்கே யாரும் "வெறும் கார்ட்டூன்தானே" என்று சொல்லவில்லை பாருங்கள். கோட்டுச் சித்திரத்தின் நிறம் அவர்களுக்கு உயிர் போகும் விஷயம். வரைந்தவரின் உயிர் கணக்கில் வரவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம். ஹைதராபாத்தில் தயாராகி 2008-லிருந்து ஓடும் சோட்டா பீம் தமிழ் பேசியும் நம் வீடுகளுக்கு வந்தான். அதில் வம்புக்கு இழுக்கிற, அடி வாங்குகிற தடியன் பெயர் காலியா. இந்தியில் கருப்பன் என்று பொருள். அவனை அந்த நிறத்தில்தான் வரைந்திருக்கிறார்கள். என் அக்கா மகன் ஐந்து வயதில் பள்ளியிலிருந்து வந்து, "என்னைக் காலியான்னு கூப்புடுறாங்க" என்று சொன்னபோது, அக்கா சொன்ன பதிலையும் கேட்டுவிடுங்கள்: "கார்ட்டூன்தானேடா." அப்புவுக்காக அமெரிக்காவில் மனசு வெந்த நான் அந்த நேரத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தொடரைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? போன வாரம்கூட சிம்ப்சன்ஸ் பார்த்தேன். ஒருவர் வந்து, இது எனக்கு வலித்தது என்று சொன்னால், உங்கள் வக்கீல் வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடம்?" அல்லது "எப்போ?" அவ்வளவுதான். பதிலைக் கேட்ட பிறகு ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. ஷின்ஜியை லூசு என்று சொல்லும் முன்னும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களில் ஒருவர் எழுந்து தட்டு கழுவப் போகலாம்.

தம்பி கதையை முடிக்கவில்லை. 2020-ல் ஊரடங்குச் சமயம், அவன் டெக்சஸில் இருந்தான், நான் திருச்சிக்குத் திரும்பிவிட்டேன். ஒரு நாள் நேரம் கெட்ட நேரத்தில் போன். "அக்கா, ஸ்டீவன் யூனிவர்ஸ் புதுசு பாத்தீங்களா? மகேஸ்வரன்னு ஒரு டாக்டர் வர்றாங்க. நம்ம மகேஸ்வரன்!" ஸ்டீவனின் தோழி கோனி மகேஸ்வரன், அவள் அம்மாதான் டாக்டர் பிரியங்கா மகேஸ்வரன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குரல் கொடுத்தவர் அங்கேயும் வெள்ளைக்காரர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பெயரை வைத்து யாரும் சிரிக்கவில்லை. ஸ்டீவன் உடம்பு திடீர் திடீரென்று வீங்குகிறது, ஏன் என்று தெரியவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் வருகிறான். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார். எலும்பெல்லாம் பழைய முறிவின் தடங்கள். அவனுடைய மந்திர சக்தி அவற்றை உடனுக்குடன் ஒட்டவைத்திருக்கிறது, அதனால் யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கே தெரியவில்லை. சின்ன வயசில் பட்டதெல்லாம் உடம்பில் தங்கிவிட்டது, இப்போது சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உயிர் போகிற ஆபத்து போல உடம்பு பதறுகிறது என்று அந்த அம்மா பொறுமையாக விளக்குகிறார். 1990-ல் நஹாசபீமபெட்டிலான், 2020-ல் மகேஸ்வரன். போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அவன்தான் ஆரம்பித்தான். "அக்கா, அந்தக் காபிக் கடை விஷயம். அன்னைக்கு நீங்க சொன்னப்ப நான் ஒண்ணுமே கேக்கல. அவனுங்க எத்தனை நாளு அப்படிப் பண்ணானுங்க?"

ஒரு செமஸ்டர் முழுக்க என்றேன். வியாழக்கிழமை, ரெண்டேகால் மணி போல. முன்னால் நிற்பவன் எப்போதும் பெரிய கோப்பைதான் கேட்பான், சர்க்கரை வேண்டாம் என்பான். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி
திருச்சி